ஒரு கரண்டி மசியலும் பதிமூன்று மணி நேரமும்: வாசகர் கேள்வி பதில்

பிரெஞ்சு செஃப் ஜோயல் ரோபுஷோனைப் பற்றியும், அவர் வாழ்நாளெல்லாம் நின்று உழைத்த உணவகச் சமையலறையைப் பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: ரோபுஷோன் என்றாலே உருளைக்கிழங்கு மசியல் என்கிறார்கள். வெறும் மசியலுக்காகவா ஒருவர் உலகப் புகழ் பெற்றார்?

பெரும்பாலும் அதற்காகத்தான். அதில் நியாயமும் இருக்கிறது.

அவர் 1945 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் புவாத்தியே நகரில் பிறந்தார். அப்பா கொத்தனார். பாதிரியாராக்கலாம் என்று சிறு வயதில் குருமடத்தில் சேர்த்தார்கள். அங்கே சமையற்கட்டில் கன்னியாஸ்திரீகளுக்கு ஒத்தாசை செய்தபோதுதான் அடுப்பின்மேல் ஆசை வந்தது. 15 வயதில் உள்ளூர் ஹோட்டல் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 29 வயதில் பாரிஸின் கொன்கார்ட் லஃபாயெத் ஹோட்டலில் சுமார் 90 சமையல்காரர்களுக்குத் தலைமை. 1976-ல், கடும் தேர்வு வைத்துப் பிரான்சின் தலைசிறந்த கைவினைஞர்களுக்குத் தரப்படும் பட்டத்தை வென்றார். 1981-ல் பாரிஸின் 16-வது வட்டாரத்தில் ‘ஜமேன்’ உணவகத்தை எடுத்து நடத்தினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக, மிச்செலின் உணவக வழிகாட்டி தரும் நட்சத்திரங்கள் மூன்று. 2018 ஆகஸ்ட் 6 அன்று ஜெனீவாவில் 73 வயதில் காலமானார். அதே ஆண்டு ஜனவரியில்தான் இன்னொரு பெரிய செஃப்பான போல் பொக்யூஸ் மறைந்திருந்தார். பிரெஞ்சுச் சமையலுக்கு அது இழப்புகளின் ஆண்டு.

ஜமேனுக்கு வருகிறவர்கள் கேவியர் என்ற மீன் முட்டையும் டிரஃபிள் காளானும் எதிர்பார்த்து வருவார்கள். அவையும் உண்டு. பக்கத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு மசியலும் வரும். ஏழை வீட்டிலும் இருக்கும் பண்டம். உருளை, வெண்ணெய், பால், உப்பு தவிர வேறொன்றும் கிடையாது. நான்கே பொருள் என்பதால் எதையும் ஒளித்துவைக்க இடமில்லை. கிழங்கு ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும், வெண்ணெய் சற்று மட்டமாக இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அந்தச் சமையலறைக்கு அப்படியே பொருந்தும். அந்த ஒரு கரண்டியை வைத்தே முழு சமையலறையின் ஒழுங்கையும் கணித்துவிடலாம்.

கேள்வி: அவருடைய மசியலை வீட்டில் செய்து பார்த்தேன். பசை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மிக்ஸியில்தான் அடித்தேன். அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. மிக்ஸிதான் காரணம்.

வெந்த கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கிடக்கும். செல்களைக் கிழிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தால் மசியல் மிருதுவாக வரும். மிக்ஸியின் பிளேடு செல்லையே அறுத்துவிடுகிறது. உள்ளே இருந்த மாவுச்சத்து வெளியே கொட்டிப் பசையாகிறது. அப்படி ஆனதை மீட்க வழியே இல்லை.

ரோபுஷோன் வெளியிட்ட அளவு இது: ராத் என்ற சிறிய, நீளவாட்டு மஞ்சள் கிழங்கு 1 கிலோ, உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், முழுக் கொழுப்புப் பால் 200 முதல் 300 மில்லி வரை, உப்பு. உணவகத்தில் வெண்ணெய் இதைவிடக் கூடுதலாகப் போகும் என்று சமையல்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு. கிழங்கு இரண்டு பங்குக்கு வெண்ணெய் ஒரு பங்கு என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு 250 கிராமே தாராளம். ராத் கிடைக்காவிட்டால், வெந்தபின் உடைந்து சிதறாத, ஈரம் குறைந்த மஞ்சள் சதைக் கிழங்காகப் பாருங்கள்.

கிழங்குகள் ஒரே அளவில் இருக்கட்டும். தோலோடு கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு சேர்த்து மூடி வேகவையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். தோலை முதலிலேயே சீவிவிட்டால் கிழங்கு தண்ணீர் குடித்துவிடும். அப்புறம் வெண்ணெய்க்கு உள்ளே இடம் இருக்காது. 25, 30 நிமிடத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கி ஏறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வடித்துவிடுங்கள். சூடு ஆறும்வரை அதே தண்ணீரில் கிடந்தால் ருசி கெடும்.

சூட்டோடு தோலை உரித்து, கையால் சுற்றும் மசிப்பானில் மிகச் சிறு துளைத் தட்டைப் பொருத்தி, அடிகனமான பாத்திரத்துக்குள் இறக்குங்கள். ஆறவிட்டு மசித்தால் மாவுச்சத்து இறுகி மணல் மணலாக வரும். இனி பலரும் தவறவிடும் கட்டம். பாத்திரத்தை மிதமான தீயில் வைத்து மர அகப்பையால் 4, 5 நிமிடம் விடாமல் கிளறி ஈரத்தை ஓட்ட வேண்டும். அடியில் மெல்லிய ஏடு ஒட்டத் தொடங்கினால் போதும். நிறம் மாறக் கூடாது.

வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு, சிறு துண்டுகளாக இருக்க வேண்டும். தீயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வேகமாகக் கிளறுங்கள். குளிர்ந்த வெண்ணெய் மெல்ல உருகும்போது கிழங்கோடு கலந்து ஒரே உடம்பாகும். உருக்கி ஊற்றினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து மேலே மினுங்கும். வெண்ணெய் முழுவதும் ஏறிய பிறகு, அப்போதுதான் பொங்கி இறக்கிய பாலை நூலாக ஊற்றிக் கலக்குங்கள். 300 மில்லியையும் ஊற்றியே தீர வேண்டும் என்பதில்லை. பதம் பார்த்து நிறுத்துங்கள். கடைசியில் நுண்ணிய சல்லடையில் ஒரு முறை தேய்த்து இறக்கினால் பட்டுப்போல இருக்கும். உணவகத்தில் இந்த வேலைக்கே ஆள் ஒருவர் நிற்பார். தோள்பட்டை வலிக்கும் வேலை அது.

எண்ணெய் பிரிந்துவிட்டால் தீயை அணைத்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி சூடான பாலை விட்டு அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும். காத்திருக்க வேண்டுமானால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு மணி நேரம்வரை வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் ருசி மங்கும்.

கேள்வி: பெரிய பிரெஞ்சு உணவகத்தில் ஒரு சமையல்காரரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? யார் யாருக்கு என்ன வேலை?

இன்றும் நடப்பது ஒகுஸ்த் எஸ்கோஃபியே சீர்ப்படுத்திய ஏற்பாடுதான். எல்லாரும் எல்லாவற்றையும் செய்வதை ஒழித்து, சமையலறையைப் பிரிவுகளாக்கியவர் அவர். மேலே செஃப், அவருக்கு அடுத்து சூ-செஃப். அதன்பின் சாஸ், மீன், வாட்டல், காய்கறி, குளிர்ப் பண்டம், இனிப்பு என்று பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர். அவர்களுக்குக் கீழே கொமி என்ற இளநிலை ஆட்கள். பாத்திரம் துலக்குகிறவர் இல்லாவிட்டால் இவர்கள் ஒருவராலும் அசைய முடியாது.

காலை 8, 8.30-க்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். மீனும் காயும் வந்து இறங்கும். எடை பார்ப்பது, மீனின் செவுளையும் கண்ணையும் பார்ப்பது, குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையை எழுதி வைப்பது என்று அந்த நேரம் போகும். பிறகு மீஸ் ஆன் ப்ளாஸ், அதாவது பரிமாறும் நேரத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டிய அத்தனையும். வெங்காயத்தை 2, 3 மில்லிமீட்டர் கட்டங்களாக நறுக்குவது, மீனைச் சதை பிரிப்பது, சாஸுக்கு எலும்புச் சாறு சுண்டவைப்பது, மூலிகைகளைக் கிள்ளி ஈரத்துணியில் மூடுவது எல்லாம் இதில் அடக்கம். 11 மணிவாக்கில் ஊழியர் சாப்பாடு, பெரும்பாலும் 15, 20 நிமிடம்தான். 12 மணிக்கு மதியப் பரிமாறல் தொடங்கி இரண்டு மணிவாக்கில் முடியும். துடைத்துக் கழுவ 3 மணி தாண்டிவிடும். நடுவில் ஓய்வு இடைவேளை. 5 மணிக்கு மறுபடி வர வேண்டும். இரவு 7.30-லிருந்து 10 வரை இரண்டாவது சுற்று. கழுவிப் பூட்ட 11.30 ஆகும்.

வீடு தூரத்தில் இருப்பவருக்கு மதிய இடைவேளை ஓய்வாகவே இருக்காது. போக முடியாது, தூங்கவும் முடியாது. பலர் இந்த வேலையை விடுவதற்குக் காரணம் அடுப்பின் சூடு இல்லை, நடுவில் இரண்டாக உடைந்த இந்த நாள்தான் என்பது எங்கள் கணிப்பு.

சட்டம் என்று பார்த்தால், பிரான்சில் வாரத்துக்கு 35 மணி நேரம். ஹோட்டல், உணவகத் துறையின் ஒப்பந்தங்களில் 39 மணி நேரம்தான் வழக்கம். 36 முதல் 39 வரையிலான மணிகளுக்கு 10 சதவீதமும், 40 முதல் 43 வரை 20 சதவீதமும், அதற்கு மேல் 50 சதவீதமும் கூடுதலாகத் தர வேண்டும். எந்த வாரமும் 48 மணியைத் தாண்டக் கூடாது. சமையல்காரருக்கு ஒரு நாளில் 11 மணி நேரம்தான் உச்சம். மேலே சொன்ன நாளை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். காகிதத்துக்கும் அடுப்படிக்கும் உள்ள தூரம் தெரியும். அதனால்தான் இப்போது பல நல்ல உணவகங்கள் வாரத்தில் மூன்று நாள் மூடுகின்றன, அல்லது மதியச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டன.

கேள்வி: நாலு பேர் நாலு விதமாக ஆர்டர் கொடுத்தாலும் எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் சூடாக வருகிறதே, எப்படி?

பின்னாலிருந்து கணக்குப் போடுவதால்.

ஒரு மேசைக்கு இரண்டு மீன், ஒரு புறா வறுவல், ஒரு கன்றிறைச்சி என்று வைத்துக்கொள்வோம். சீட்டு வந்ததும் தட்டுகள் வெளியேறும் மேடையில் நிற்பவர் அதை உரக்கப் படிப்பார். ஒவ்வொரு பிரிவும் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் காதில் விழவில்லை என்று பொருள், மறுபடி கூப்பிடுவார். புறாவுக்கு அடுப்பில் 12, 14 நிமிடம். இறக்கியபின் சாறு உள்ளே திரும்ப 10 நிமிடம் சும்மா கிடக்க வேண்டும். ஆக, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு, 25 நிமிடத்துக்கு முன்னால் புறா ஏற வேண்டும். கன்றிறைச்சித் துண்டு அதற்குப் பத்து நிமிடம் பிந்தி. மீன் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வாணலியைத் தொடும். வெண்ணெய் சேர்த்து முடிக்கும் சாஸ் கடைசி ஒரு நிமிடம். தட்டுகள் சூட்டுப்பெட்டியிலிருந்து வெளியே வருவதும் அப்போதுதான்.

இதில் மீன்காரர் ஒரு நிமிடம் அவசரப்பட்டாலே போதும். மீன் தட்டில் காத்திருந்து தண்ணீர் விடும், சாஸ் நீர்த்துப்போகும், தட்டு திரும்பும். அப்போது மீன் மட்டுமில்லை, அந்த மேசையின் நாலு தட்டுமே மறுபடி தொடக்கத்துக்குப் போகும். பின்னால் காத்திருக்கும் மேசைகளும் சரியத் தொடங்கும். அதனால்தான் அங்கே பேசும் பேச்செல்லாம் “இன்னும் எத்தனை நிமிடம்?”, “மூன்று” என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. “இதோ வருகிறது” என்று யாரும் சொல்லக் கூடாது. நிமிடத்தைச் சொல்ல வேண்டும், சொன்ன நிமிடத்தில் கொண்டுவரவும் வேண்டும்.

கேள்வி: ரோபுஷோன் மிகக் கடுமையானவர், திட்டுவார் என்று படித்தேன். திட்டாமல் அந்தத் தரம் வராதா?

ஜமேனில் அவரிடம் வேலை கற்றவர்களில் எரிக் ரிபேர், கார்டன் ராம்சே போன்று பின்னாளில் பெரும் பெயர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சமையலறையில் பயம் கூடவே இருந்தது என்பதை அங்கிருந்து வந்தவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அவரைக் கொண்டாடும்போது இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

அவர் கேட்ட துல்லியம் வேறு, கேட்ட விதம் வேறு. அவருடைய இன்னொரு புகழ்பெற்ற பண்டத்தைப் பாருங்கள். கேவியர் மேல் ஜெல்லி, அதன்மேல் காலிஃபிளவர் க்ரீம், விளிம்பைச் சுற்றிலும் பச்சை நிறத்தில் ஒரே அளவு, ஒரே இடைவெளியில் சிறு புள்ளிகள். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு புள்ளியும் கையால் வைத்தது. கை நடுங்குகிறவரால் அதைச் செய்ய முடியாது. பயம் கையை நடுங்கத்தான் வைக்கும்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பயப்படுகிறவர் தப்பை மறைப்பார். மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் ஓலண்டேஸ் சாஸைச் சுமார் 60, 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் மஞ்சள் கரு திரிந்துவிடும். “செஃப், சாஸ் திரிந்துவிட்டது, நாலு நிமிடம் வேண்டும்” என்று சொல்ல முடிகிற இடத்தில் மேசை நாலு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். சொல்ல முடியாத இடத்தில் திரிந்த சாஸ் வடிகட்டியில் புகுந்து தட்டுக்குப் போகும்.

பிரான்சில் 2002 ஜனவரிச் சட்டத்துக்குப் பிறகு, வேலையிடத்தில் ஒருவரைத் தொடர்ந்து மனரீதியாகத் துன்புறுத்துவது குற்றம். இரண்டு ஆண்டு சிறையும் 30,000 யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. ‘அந்தக் காலத்தில் நாங்களும் இப்படித்தான் கற்றோம்’ என்பது நீதிமன்றத்தில் செல்லாது.

கேள்வி: அவ்வளவு உச்சத்தில் இருந்தவர் ஏன் 51 வயதிலேயே ஓய்வு பெற்றார்?

உயிரோடு இருப்பதற்காக என்று சொல்லலாம். 1983-ல் ழான் த்ருவாக்ரோ 56 வயதில் இறந்தார். 1990-ல் அலென் ஷப்பெல் 52 வயதில் இறந்தார். இருவருமே மூன்று நட்சத்திர செஃப்கள். சகாக்கள் மாரடைப்பில் சாய்வதைப் பார்த்து, ஐம்பதோடு நிறுத்திக்கொள்வது என்று ரோபுஷோன் முன்கூட்டியே அறிவித்தார். 1996-ல் சொன்னபடியே விலகினார்.

அவர் விலகி ஏழு ஆண்டுகள் கழித்து, 2003 பிப்ரவரியில், சோலியூ ஊரில் மூன்று நட்சத்திர உணவகம் நடத்திவந்த பெர்னார் லுவாஸோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கோ-மியோ உணவக வழிகாட்டி அவருடைய மதிப்பெண்ணை 20-க்கு 19-லிருந்து 17-ஆகக் குறைத்திருந்தது. கடன் சுமையும் மனச்சோர்வும் இருந்தன. ஒற்றைக் காரணம் சொல்லி முடிக்கக்கூடிய சாவு அல்ல அது. ஆனாலும் இந்தத் தொழில் ஒரு மனிதரைத் தனியாக எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பிரான்ஸ் முழுதும் பேசவைத்தது.

ரோபுஷோன் ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சியில் வீட்டுச் சமையல் சொல்லிக்கொடுத்தார். 2003-ல் டோக்கியோவிலும் பாரிஸிலும் ‘லத்தெலியே’ என்ற பெயரில் திரும்பி வந்தார். ஜப்பானின் சுஷி மேடையையும் சிறு தட்டுகளில் பண்டம் தரும் ஸ்பெயினின் தபாஸ் கடையையும் பார்த்து வடிவமைத்தது. மேசை விரிப்பு கிடையாது. சமையலறையைச் சுற்றி உயர நாற்காலி போட்டுச் சாப்பிடுகிறவர் உட்காருவார். இது அலங்கார மாற்றம் மட்டும் இல்லை. முன்பு சுவருக்குப் பின்னால் நடந்த வேலை இப்போது விருந்தாளி கண்முன்னே நடக்கிறது. கத்த முடியாது, அழுக்குத் துணியை ஓரத்தில் எறிய முடியாது. தட்டு சமைத்தவர் கையிலிருந்து நேரே சாப்பிடுகிறவருக்குப் போகிறது. அவருடைய எல்லாப் படைப்புகளிலும் பிற்காலத்தவர் அதிகம் பின்பற்றியது இந்த ஏற்பாட்டைத்தான்.

கேள்வி: அவருக்கு முப்பது நட்சத்திரத்துக்கு மேல் என்கிறார்கள். ஒருவருக்கு மூன்றுதானே அதிகபட்சம்?

நட்சத்திரம் ஆளுக்கு இல்லை, உணவகத்துக்கு. ஓர் உணவகத்துக்கு மூன்றுதான் உச்சம். பல நாடுகளில் அவர் பெயரில் நடந்த உணவகங்களின் நட்சத்திரங்களைக் கூட்டினால் முப்பதைத் தாண்டும். ஆண்டுதோறும் மறுபடி மதிப்பிடுவார்கள். 1965 முதல் மூன்று நட்சத்திரம் வைத்திருந்த பொக்யூஸின் உணவகம், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 2020 ஜனவரியில் இரண்டுக்கு இறங்கியது.

கேள்வி: ஒரு மீன் துண்டுக்கு 40 யூரோ வாங்குகிறார்கள். சந்தையில் முழு மீனே கிலோ 20 யூரோதான். கொள்ளை லாபம் இல்லையா?

கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். கிலோ 20 யூரோவுக்கு வாங்கிய முழு மீனில் தலை, முள், குடல், தோல் போனால் சுத்தமான சதை 450 கிராம் தேறும். ஆக சதையின் அடக்க விலை கிலோவுக்கு சுமார் 44 யூரோ. ஒரு தட்டுக்கு 140 கிராம் என்றால் 6 யூரோ 20 சென்ட். அதனோடு வெண்ணெய், காய், சாஸுக்கான சாறு, ஒயின், ரொட்டி சேர்ந்தால் 10 யூரோவை நெருங்கும்.

40 யூரோ பில்லில் 10 சதவீத விற்பனை வரி உள்ளடக்கம். அது போக உணவகத்துக்குச் சேர்வது 36 யூரோ 36 சென்ட். 15 சதவீத சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம். பொருள் செலவு வரி போன தொகையில் 25, 30 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. சம்பளமும் முதலாளி கட்டும் சமூகக் காப்பீடும் சேர்ந்து இன்னொரு 40 சதவீதம் எடுக்கும்; நட்சத்திர உணவகத்தில் அதற்கும் மேலே போகும். ஒவ்வொரு தட்டுக்கும் கை அதிகம் என்பதுதான் காரணம். வாடகை, மின்சாரம், விரிப்புச் சலவை, உடையும் கண்ணாடி, கடன் தவணை எல்லாம் போக மிஞ்சுவது சில யூரோதான். முன்பதிவு செய்த நாலு பேர் வராமல் போனால் அன்றைய மேசையின் லாபம் முழுதும் போய்விடும்.

லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் குப்பைத் தொட்டியில். கெட்டிக்காரச் சமையலறை மீன் முள்ளைத் தூக்கி எறியாது. வெங்காயம், வெள்ளை ஒயினோடு சாறு எடுக்கும். அதையும் 20 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் கசக்கும்.

கேள்வி: எடுத்த சாறு மிஞ்சினால் அப்படியே மூடி வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்தலாமா?

கூடாது. பெரிய பாத்திரத்தில் மூடி வைத்த சாறு இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருக அதைவிட நல்ல இடம் இல்லை. சூடாக வைப்பதானால் 63 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஆறவைப்பதானால் 63-லிருந்து 10 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: என் மகள் பிரான்சில் சமையல் படிப்பு முடித்து உணவகத்தில் சேரப்போகிறாள். என்ன வாங்கிக் கொடுக்கலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இருபது கத்தி உள்ள பெட்டி வாங்கித் தராதீர்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளப் பெரிய கத்தி ஒன்று, 9, 10 சென்டிமீட்டர் சிறிய கத்தி ஒன்று, மீனுக்கு வளையும் மெல்லிய கத்தி ஒன்று, தோல் சீவி, தீட்டுக்கல். இவை போதும். பணத்தைக் காலணியில் போடுங்கள். வழுக்காத அடி, மூடிய முனை, அரை அளவு தாராளம். 11 மணி நேரம் நின்றால் கால் வீங்கும்.

கையை அறுப்பது பெரும்பாலும் மழுங்கிய கத்திதான். அழுத்தம் கூட்டுகிறோம், அது வழுக்குகிறது. சூடான பிடியைக் காய்ந்த துணியால் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ஈரத்துணியில் இருக்கும் தண்ணீர் சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும். அடுப்பிலிருந்து எடுத்த வாணலியைக் கீழே வைத்தால் அதன் பிடியில் துணியைச் சுற்றியோ மாவைத் தூவியோ விட வேண்டும், அடுத்து வருகிறவருக்கு அது எச்சரிக்கை. யாருடைய முதுகுக்குப் பின்னால் போனாலும் குரல் கொடுக்க வேண்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். வெண்ணெய், பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். பரிமாறும் நேரம் நடக்கிறதே என்று இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறவர்களுக்குத்தான் புண் ஆழமாகிறது.

சேர்வதற்கு முன் ஒரு நாள் வேலை பார்த்துக் காட்டச் சொல்வார்கள். அன்று அவளும் அவர்களைப் பார்க்கட்டும். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் தேதி எழுதிய டப்பாக்கள் இருக்கின்றனவா? ஊழியர் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, நின்றபடியே விழுங்குகிறார்களா? பாத்திரம் துலக்குகிறவரிடம் எப்படிப் பேசுகிறார்கள்? தப்பு நடந்தபோது செஃப் முதலில் தட்டைச் சரிசெய்கிறாரா, ஆளைப் பிடிக்கிறாரா? இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கொமி ஒருவரிடம் மெதுவாகக் கேட்கட்டும். எல்லாரும் மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்களாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். போடும்போது வார மணிநேரம், கூடுதல் மணிக்கான கணக்கு, வார விடுமுறை இரண்டு நாள் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். சம்பளத் தகராறு வந்தால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்தக் குறிப்பேட்டையும் சான்றாகக் காட்டலாம்.